ஆங்கில வாக்கியங்கள் ஒட்டவில்லையா? இணைப்புச் சொற்களில் வரும் கோளாறுகளும் திருத்தமும்

நம்மவர்கள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது அடிக்கடி ஒரு காட்சியைப் பார்க்கிறேன். தனித்தனி வாக்கியங்களில் பெரிய பிழை இருக்காது. சொல்வளத்துக்கும் பஞ்சமிருக்காது. ஆனால் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் படிப்பவருக்குக் கால் இடறும். "தொடர்ச்சி இல்லை, சரிசெய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், மறுநாள் அதே கட்டுரை இன்னும் நான்கு 'மோர்ஓவர்', மூன்று 'ஹவெவர்' சேர்ந்து திரும்பி வரும். தொடர்ச்சி மட்டும் வந்திருக்காது.

இணைப்புச் சொல்லுக்கு ஒட்டும் சக்தி கிடையாது. இரண்டு கருத்துகளுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் உறவு காரணமா, முரணா, கூடுதல் செய்தியா என்று வாசகருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. உறவைக் கண்டுபிடிக்க வேண்டியவர் எழுதுகிறவர்தான். கீழே வரும் கோளாறுகளில் சில இலக்கணம் சார்ந்தவை. ஒரு விதி தெரிந்தால் தீர்ந்துவிடும். மற்றவை உறவையே தேடாமல் சொல்லை மட்டும் தேடியதால் வருபவை. அவற்றுக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

உங்கள் தாளில் எந்த அறிகுறி தெரிகிறதோ, நேரே அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். எங்கே தட்டுகிறது என்பது கண்ணைவிடக் காதுக்கு முதலில் தெரியும்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் 'ஆல்தோ'வும் 'பட்'டும் சேர்ந்து வருகின்றன

"ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வி வென்ட் அவுட்." இதைப் போலவே, "பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட் தி எக்ஸாம்."

இந்தப் பிழைக்கு நல்ல காரணம் இருக்கிறது. "மழை பெய்தாலும் வெளியே போனோம்" என்று சொல்லும்போது, முரணைக் காட்டும் 'ஆலும்' இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்திலேயே நிற்கிறது. "பஸ் தாமதமானதால்" என்பதிலும் அப்படித்தான். ஆங்கிலத்திலோ 'ஆல்தோ' வாக்கியத்தின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் வெறும் காற்புள்ளிதான். நடுவில் ஏதாவது கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த இடம் காலியாகப்படுகிறது. கை தானாக ஒரு 'பட்' போட்டுவிடுகிறது.

திருத்தம் எளிது. இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், வி வென்ட் அவுட்" என்றும் எழுதலாம், "இட் வாஸ் ரெயினிங், பட் வி வென்ட் அவுட்" என்றும் எழுதலாம். காலியிடம் உறுத்தினால் 'ஸ்டில்' உதவும்: "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், வி ஸ்டில் வென்ட் அவுட்." 'ஸ்டில்' இங்கே வெறும் வினையடை என்பதால் இரட்டிப்பு ஆகாது.

அறிகுறி: 'ஹவெவர்' வரும் இடமெல்லாம் திருத்துகிறவர் சிவப்பு வட்டம் போடுகிறார்

"தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட், ஹவெவர், வி வெயிட்டட்." முன்னும் பின்னும் காற்புள்ளி போட்டு ஒழுங்காகத்தானே எழுதியிருக்கிறோம் என்று தோன்றும். தமிழில் "கடை மூடியிருந்தது, ஆனாலும் காத்திருந்தோம்" என்று இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியில் கோத்தால் யாரும் குறை சொல்வதில்லை. முறையான ஆங்கில எழுத்து இதை ஏற்பதில்லை.

எந்தச் சொல்லுக்கு எந்தக் குறி என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். சொல்லை நகர்த்திப் பாருங்கள். "வி, ஹவெவர், வெயிட்டட்" என்று எழுதலாம். "வி வெயிட்டட், ஹவெவர்" என்றும் முடிக்கலாம். தன் வாக்கியத்துக்குள்ளேயே இப்படி நகரக்கூடிய சொல்லால் இரண்டு வாக்கியங்களைப் பிடித்து நிறுத்த முடியாது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்: "தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட். ஹவெவர், வி வெயிட்டட்." 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'நெவர்தலெஸ்', 'கான்ஸிக்வென்ட்லி', 'மீன்வைல்' எல்லாம் இந்தக் கூட்டம்.

இப்போது 'பட்'டை நகர்த்திப் பாருங்கள். "வி, பட், வெயிட்டட்" என்று யாரும் எழுத முடியாது. அது இரண்டு வாக்கியங்களின் நடுவில்தான் நிற்கும். அதனாலேயே அதற்கு ஒரு காற்புள்ளி போதும். இந்தக் குடும்பத்தில் இருப்பவை 7: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து 'ஃபேன்பாய்ஸ்' என்று வகுப்பறைகளில் சொல்லித்தருவார்கள்.

மூன்றாவது கூட்டம் 'ஆல்தோ', 'பிகாஸ்', 'வைல்', 'இஃப்' போன்றவை. இவை தம் பகுதியையே இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் போகும்: "வி வென்ட் அவுட் ஆல்தோ இட் வாஸ் ரெயினிங்." பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டியதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. "ஹவெவர் ஹார்ட் ஹி ட்ரைட், தி டோர் உட் நாட் ஓப்பன்" என்பதில் 'ஹவெவர்' இணைப்புச் சொல்லே இல்லை. எவ்வளவுதான் முயன்றாலும் என்று பொருள். இங்கே அதன் பின்னால் காற்புள்ளி போட்டால் வாக்கியம் உடைந்துவிடும்.

அறிகுறி: 'பிகாஸ்' வாக்கியம் தனியே நிற்கிறது

"தி க்ராப் ஃபெயில்ட். பிகாஸ் தேர் வாஸ் நோ ரெயின்." தமிழில் "பயிர் பொய்த்தது. ஏனெனில் மழை இல்லை" என்பது முழுமையான இரண்டு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் இரண்டாவது அரை வாக்கியம்தான். முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு முதல் வாக்கியத்தோடு சேர்த்தால் தீர்ந்தது.

இதைத் திருத்தப் போய், "பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது" என்று ஒரு தடையுத்தரவு பல பள்ளிகளில் நடைமுறையில் இருக்கிறது. அது தவறு. "பிகாஸ் தேர் வாஸ் நோ ரெயின், தி க்ராப் ஃபெயில்ட்" குறையில்லாத வாக்கியம். முதன்மை வாக்கியம் பின்னால் வந்து சேர்ந்துவிட்டால் போதும். 'அண்ட்', 'பட்' ஆகியவற்றிலும் வாக்கியத்தைத் தொடங்கலாம். நல்ல ஆங்கில உரைநடையில் அது சாதாரணம். அலுவல் கடிதத்திலும் தேர்வுத்தாளிலும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'டிஸ்பைட்', 'பிகாஸ் ஆஃப்' வந்தால் வாக்கியம் கோணுகிறது

சொல்லுக்குப் பின்னால் எழுவாயும் வினையும் வருகின்றனவா, வெறும் பெயர்ச்சொல்தானா என்று மட்டும் பாருங்கள். வினை வந்தால் 'ஆல்தோ', 'பிகாஸ்', 'வைல்'. பெயர் மட்டும் வந்தால் 'டிஸ்பைட்', 'பிகாஸ் ஆஃப்', 'ட்யூரிங்'. ஆகவே "டிஸ்பைட் இட் ரெயின்ட்" தவறு. "டிஸ்பைட் தி ரெயின்" சரி. 'டிஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று கிடையவே கிடையாது. 'இன் ஸ்பைட் ஆஃப்' மட்டும்தான் 'ஆஃப்' வாங்கும்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் இணைப்புச் சொல்லில் தொடங்குகிறது

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறவர்களை அதிகம் வாட்டும் கோளாறு இதுதான். அதன் எழுத்துப் பகுதியில் மதிப்பெண்ணுக்கு 4 அளவுகோல்கள்; நான்குக்கும் சம எடை. அவற்றில் ஒன்று 'கோஹியரன்ஸ் அண்ட் கோஹிஷன்', அதாவது கருத்தின் ஒழுங்கும் வாக்கியங்களின் பிணைப்பும். பிணைப்புக்குக் கால்பங்கு மதிப்பெண் என்று கேட்டவுடன், இணைப்புச் சொற்களைக் கொட்டினால் மதிப்பெண் கொட்டும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிடப்பட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தில் பேண்ட் 5 என்ற மதிப்பெண் நிலைக்கான குறைகளில் இணைப்புகளின் மிகைப்பயன்பாடும் ஒன்று. பேண்ட் 6-இல் பிணைப்பு இயந்திரத்தனமாக இருக்கக்கூடும் என்று வருகிறது. உச்ச நிலையான பேண்ட் 9-க்கான பிணைப்போ, வாசகரின் கவனத்துக்கே அநேகமாக வராதது.

ஒரு பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இளைஞர்கள் நகரங்களுக்குப் போவதைப் பற்றியது:

"ஃபர்ஸ்ட்லி, சிட்டீஸ் ஹேவ் மோர் ஜாப்ஸ். மோர்ஓவர், சாலரீஸ் ஆர் ஹையர். ஃபர்தர்மோர், ரென்ட் இஸ் ஹை. தேர்ஃபோர், பீப்பிள் லிவ் இன் ஸ்மால் ரூம்ஸ். ஹவெவர், தே ஸென்ட் மனி ஹோம்."

ஐந்து வாக்கியங்கள், ஐந்து இணைப்புச் சொற்கள். முதலில் ஐந்தையும் அடித்துவிட்டுப் படியுங்கள். வேலை அதிகம், சம்பளம் அதிகம், வாடகை அதிகம், சின்ன அறை, வீட்டுக்குப் பணம். எங்கே கருத்து தானாகப் பாய்கிறது, எங்கே நிற்கிறது? முதல் இரண்டும் ஒரே பக்கத்துச் செய்திகள். இவற்றைச் சேர்க்க 'மோர்ஓவர்' போன்ற கனமான சொல் தேவையில்லை, ஒரு 'அண்ட்' போதும். 'ஃபர்ஸ்ட்லி'க்குப் பிறகு 'ஸெகண்ட்லி' வரவேயில்லை, அதுவும் போகட்டும். மூன்றாவது வாக்கியத்தில்தான் உண்மையான பிழை இருக்கிறது. வாடகை அதிகம் என்பது நகரத்தின் நன்மைகளோடு சேரும் இன்னொரு நன்மையா? அது எதிர்ப்பக்கம். அங்கே 'ஃபர்தர்மோர்' போட்டது வாசகரைத் தவறான திசையில் அனுப்புகிறது. முரண் சொல் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

திருத்திய வடிவம்:

"சிட்டீஸ் ஹேவ் மோர் ஜாப்ஸ் அண்ட் ஹையர் சாலரீஸ். மச் ஆஃப் தட் மனி, ஹவெவர், கோஸ் ஆன் ரென்ட், ஸோ மெனி யங் ஒர்க்கர்ஸ் ஷேர் ஸ்மால் ரூம்ஸ். ஈவன் தென், தே ஸென்ட் ஸம்திங் ஹோம் எவ்ரி மன்த்."

இதில் அதிகம் வேலை செய்வது 'தட் மனி'. முந்தைய வாக்கியத்தில் 'சாலரீஸ்' என்று முடிந்ததை எடுத்து அடுத்த வாக்கியம் தொடங்குகிறது. தெரிந்ததில் தொடங்கிப் புதியதில் முடிப்பது. அந்தப் புதியதை அடுத்த வாக்கியத்தின் தெரிந்ததாக்குவது. அந்தாதி பாடிய மொழிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'தே' என்ற சுட்டும் சத்தமில்லாமல் பின்னோக்கிக் கட்டுகிறது. மொழியியலாளர்களான மைக்கேல் ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976-இல் ஆங்கில உரையின் பிணைப்பை ஐந்து வகையாகப் பிரித்தபோது, இணைப்புச் சொற்கள் அவற்றில் ஒரு வகைதான். சுட்டு, பதிலிச் சொல், சொல்லாமல் விடுவது, தொடர்புடைய சொற்களை மீண்டும் கொண்டுவருவது ஆகியவை மற்ற நான்கு. ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்து 250 சொல் கட்டுரையைக் கட்ட முயன்றால் அது இயந்திரத்தனமாகத்தான் இருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது: எழுதி முடித்ததும் வாக்கியத் தொடக்கத்திலுள்ள இணைப்புச் சொற்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் மறைத்துப் படியுங்கள். மறைத்தும் பொருள் தெளிவாக இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். மறைத்ததும் வாசகர் தடுமாறுவார் என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'தேர்ஃபோர்' சரியாகத்தான் நிற்கிறது, ஆனால் வாசகர் நம்ப மறுக்கிறார்

"மெனி ஸ்டூடன்ட்ஸ் யூஸ் ஃபோன்ஸ் அட் நைட். தேர்ஃபோர், தெயர் மார்க்ஸ் ஆர் ஃபாலிங்."

குறிகள் சரி, சொல் சரி. இருந்தும் "அதெப்படி?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அந்தக் கேள்விதான் நோயின் இருப்பிடத்தைக் காட்டுகிறது. போனுக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. எழுதியவர் மனத்தில் அது இருக்கிறது, தாளில் இல்லை. 'தேர்ஃபோர்' அந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று நம்பியிருக்கிறார். அது "நான் நிரூபித்துவிட்டேன்" என்று அறிவிக்கும் சொல் என்பதால், நிரூபணம் இல்லாத இடத்தில் குறையை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது.

விடுபட்ட வாக்கியத்தை எழுதுங்கள்: "மெனி ஸ்டூடன்ட்ஸ் யூஸ் ஃபோன்ஸ் அட் நைட். தே ஸ்லீப் லேட், கம் டு க்ளாஸ் டயர்ட், அண்ட் மிஸ் ஹாஃப் ஆஃப் வாட் இஸ் டாட். தெயர் மார்க்ஸ் ஸஃபர்." இப்போது 'தேர்ஃபோர்' இல்லாமலே காரணம் விளங்குகிறது. வேண்டுமானால் போடலாம், போடாவிட்டாலும் நஷ்டமில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளி ஆங்கிலத் தேர்வுகளில் ஒரே கருத்தை ஸிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி நமக்கெல்லாம் பழக்கம். 'டூ... டு' இருந்தால் 'ஸோ... தட்', 'தோ' இருந்தால் 'இன் ஸ்பைட் ஆஃப்' என்று விரல்நுனியில் வைத்திருப்போம். பயனுள்ள பயிற்சிதான், வாக்கிய அமைப்பு கைக்கு வசப்படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியில் உறவு என்ன என்பது முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். மாணவர் உடையை மட்டும் மாற்றுகிறார். கட்டுரையில் அந்த வசதி இல்லை. அதனால்தான் இலக்கணத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கூடக் கட்டுரையில் திணறுகிறார்.

ஒரு சோதனை சொல்கிறேன். என் மாணவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நின்று தமிழிலேயே கேளுங்கள்: "ஏன்?", "அதனால் என்ன?", "எப்படி?", "ஆனால்?", "உதாரணம்?" இவற்றில் எந்தக் கேள்விக்கு இரண்டாவது வாக்கியம் பதில் சொல்கிறதோ, அதுதான் உறவு. எந்தக் கேள்விக்கும் அது பதில் சொல்லவில்லை என்றால் ஆங்கிலத்தில் தேடிப் பயனில்லை. ஒன்று, நடுவில் ஒரு வாக்கியம் வேண்டும். அல்லது அந்த வாக்கியம் வேறு பத்திக்குப் போக வேண்டும்.

அறிகுறி: 'ஆன் தி கான்ட்ரரி' போட்டதும் பொருள் தலைகீழாகிறது

"சென்னை இஸ் ஹாட். ஆன் தி கான்ட்ரரி, ஊட்டி இஸ் கூல்." சென்னை சூடு என்பதை ஊட்டியின் குளிர் மறுக்கவில்லையே. முன்னால் சொன்ன கருத்தை மறுத்து எதிரானதை நிறுவும்போதுதான் 'ஆன் தி கான்ட்ரரி' வரும்: "தி எக்ஸாம் வாஸ் நாட் ஈஸி. ஆன் தி கான்ட்ரரி, இட் வாஸ் தி ஹார்டெஸ்ட் இன் இயர்ஸ்." இரண்டு ஊர்களை ஒப்பிட 'பை கான்ட்ராஸ்ட்' அல்லது 'வைல்' போதும். ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்களை எடைபோடும்போது 'ஆன் தி அதர் ஹேண்ட்'.

அறிகுறி: 'அண்ட்' ஓயாமல் வருகிறது, அல்லது 'ஹேவிங்' வாக்கியம் விநோதமாக ஒலிக்கிறது

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தமிழ் வினையெச்சம் அள்ளித்தரும் சௌகரியம் அப்படி. "வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டுத் தூங்கினான்" என்பதில் கடைசி வினை மட்டும் முற்று. மற்றவை வழுக்கிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு எச்சத்துக்கும் ஒரு 'அண்ட்' முளைக்கிறது. வரிசையைக் காற்புள்ளியால் பிரித்துக் கடைசியில் ஒரே ஒரு 'அண்ட்' வையுங்கள். வரிசையில் எது முக்கியமோ அதை முதன்மை வாக்கியமாக்கி, மற்றவற்றை 'ஆஃப்டர்' கொண்டு அடக்கலாம்.

'ஹேவிங்' விஷயம் கொஞ்சம் நுட்பமானது. "மழை பெய்து பயிர் அழிந்தது" என்பதில் பெய்தது மழை, அழிந்தது பயிர். எழுவாய் மாறினாலும் தமிழ் அனுமதிக்கிறது. அதையே "ஹேவிங் ரெயின்ட் ஹெவிலி, தி க்ராப்ஸ் வேர் டேமேஜ்ட்" என்று எழுதினால், பயிரே மழையாகப் பெய்ததாக ஆங்கில வாசகர் படிப்பார். 'ஹேவிங்', 'வாக்கிங்', 'ஸீயிங்' என்று தொடங்கும் பகுதிக்கும் முதன்மை வாக்கியத்துக்கும் பொதுவாக ஒரே எழுவாய் வேண்டும். இங்கே சிறந்த திருத்தத்தில் இணைப்பே இல்லை: "ஹெவி ரெயின் டேமேஜ்ட் தி க்ராப்ஸ்." காரணத்தை எழுவாயாக உட்காரவைப்பது ஆங்கிலத்துக்கு மிகவும் பிடித்த வழி.

சில்லறைக் கோளாறுகள்

பட்டியலின் கடைசிக் கருத்துக்கு 'அட் லாஸ்ட்' போடாதீர்கள். நெடுநேரம் காத்திருந்து ஒருவழியாகக் கிடைத்ததற்கு மட்டும் அது. கடைசிக் கருத்துக்கு 'ஃபைனலி' அல்லது 'லாஸ்ட்லி'.

'ஸச் ஆஸ்' என்று தொடங்கிவிட்டு 'எட்ஸெட்ரா'வில் முடிப்பது மிகை. முதல் சொல்லே இது மாதிரிதான் என்று சொல்லிவிட்டது.

'தி ரீஸன் இஸ் பிகாஸ்' பேச்சில் வரும். எழுத்தில் 'தி ரீஸன் இஸ் தட்' மேல்.

'நாட் ஒன்லி' வாக்கியத்தின் தலையில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும்: "நாட் ஒன்லி டஸ் ஷி ஸிங்..." 'நோ ஸூனர்' வந்தாலும் அப்படியே, அதன் ஜோடி 'தேன்'. 'வென்' ஜோடி சேர்வது 'ஹார்ட்லி'யோடு.

'ஸின்ஸ்' காலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். "ஸின்ஸ் ஹி லெஃப்ட், தி ஆஃபீஸ் ஹேஸ் பீன் கொயட்." அவர் போன நாளிலிருந்தா, அவர் போனதாலா? ஐயம் எழும் இடத்தில் 'பிகாஸ்' போட்டு முடித்துவிடுங்கள்.

அறிகுறி: பத்திக்குள் எல்லாம் சரி, பத்தி மாறும்போது அறுந்துவிடுகிறது

புதிய பத்தியை 'மோர்ஓவர்' என்று தொடங்கினால், எதோடு மேலும் என்று வாசகர் முந்தைய பத்தி முழுவதையும் நினைவில் தேட வேண்டியிருக்கிறது. வெறும் 'திஸ்' போட்டாலும் அதே சிக்கல். "ரென்ட் ஹேஸ் டபிள்ட், அண்ட் மெனி ஃபேமிலீஸ் ஹேவ் மூவ்ட் டு தி சபர்ப்ஸ்" என்று ஒரு பத்தி முடிகிறது. அடுத்தது "திஸ் இஸ் அ ஸீரியஸ் ப்ராப்ளம்" என்று தொடங்குகிறது. எது பிரச்சினை? வாடகையா, குடிபெயர்வதா?

'திஸ்'ஸுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வையுங்கள். முந்தைய பத்தியின் சாரத்தை ஒரே சொல்லில் கூப்பிடும் பெயராக அது இருக்கட்டும். அடுத்த பத்தி வாடகையைப் பற்றியது என்றால் 'திஸ் ரைஸ் இன் ரென்ட்'. குடும்பங்கள் வெளியேறியதைப் பற்றியது என்றால் 'திஸ் மூவ் டு தி சபர்ப்ஸ்'. இரண்டையும் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்றால், அங்கே ஒரு பத்தி போதாது. இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் தொடங்குங்கள்.